கழுவிய காசு

தெருவில் அவருக்குத் தராசு சார் என்று பெயர். முப்பத்தொரு வருஷம் எடை முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய் எடைக்கல்லைத் தூக்கிப் பார்ப்பதும், தராசு முள்ளை முறைப்பதும், ஐந்து கிராம் குறைந்தால் ஐந்து பக்கம் எழுதுவதும்தான் உத்தியோகம். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கறிக்கடைக்காரர் தட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார் என்பார்கள். பொய் சொல்லாத மனிதர் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அவருக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை பெரிதாக வந்ததில்லை. தேவை வராதவரை எல்லோரும் யோக்கியர்கள்தானே.

ஓய்வு பெற்ற மறுமாதமே அந்த மெஷினை வாங்கினார். நீளமான கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், கைப்பிடியில் எண் காட்டும் சின்னத் திரை, காதுக்கு ஒரு ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கீச்சென்று கத்தும். ஆணிக்கு ஒரு குரல், செம்புக்கு ஒரு குரல் என்று சார் விளக்குவார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் விளக்குவார்.

காலையில் தொப்பியும் முழங்கால் உறையுமாக அவர் மைதானத்தில் இறங்கி, வளையத்தைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு போவதைப் பார்த்தால் தெருவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன சார், பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறீங்களா? ஆணா பொண்ணா?"

"சிரி, சிரி. ஒருநாள் நான் எடுக்கிறதைப் பார்த்து வாயைப் பொளக்கப் போறே."

இரண்டு வருஷத்தில் அவர் எடுத்தவை: சோடா மூடி நானூற்றுச் சொச்சம், ஆணி ஒன்றரைக் கிலோ, ஒரு பல் செட்டின் கம்பி, செல்லாத சில்லறை கொஞ்சம். எல்லாவற்றையும் எடை போட்டு, சீட்டு ஒட்டி, டப்பாக்களில் வைத்திருந்தார். நாணய நண்பர் வட்டம் என்று ஒன்றையும் ஆரம்பித்தார். உறுப்பினர் ஏழு பேர். அதில் ஆறு பேர் பொறுப்பாளர்கள். சார் தலைவர். வட்டத்தில் அவர் மூன்று முறை ஆற்றிய புகழ்பெற்ற உரையின் தலைப்பு "கழுவாதே!" பழங்காசின் மேல் படிந்த பச்சை அழுக்கல்ல, அதன் தோல், கழுவுகிறவன் காசைக் கொல்கிறான் என்பது சாரம். மூன்றாம் முறை பேசியபோது உபதலைவர் தூங்கிவிட்டார். மற்றவர்கள் கைதட்டியபோது விழித்துக்கொண்டு அவரும் பலமாகத் தட்டினார்.

சாருடைய மனைவி தையல் வேலை செய்பவர். புதுத்துணி தைப்பதில்லை, கிழிசல் அடைப்பதுதான் அவருடைய வேலை. பூச்சி அரித்த இடத்தில் அதே துணியின் ஓரத்திலிருந்து நூலை உருவி, ஊடும் பாவுமாகக் கோத்து, கிழிசல் இருந்ததே தெரியாமல் ஆக்கிவிடுவார். பழைய பட்டுத்துணிகள் தேடி வரும். முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, வெளிச்சம் இருக்கும்வரை குனிந்த தலை நிமிராமல் ஊசி பிடிப்பார். இஸ்திரி போட வரும் துணியில் கிழிசல் கண்டால் இஸ்திரிக்காரர் நேரே இவரிடம்தான் அனுப்புவார். அப்படி வந்ததுதான் டாக்டர் வீட்டம்மாவின் பட்டும். அவர் தாயார் உடுத்திய பழம்பட்டு. மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. ஒரு மாதமாக அதில் வேலை நடந்துகொண்டிருந்தது.

இஸ்திரிக்காரரின் கொட்டகை இவர்கள் வீட்டுக்குப் பின்னால், அவருடைய சொந்த இடத்தில் இருந்தது. நாலு கழி, மேலே தார்ப்பாய். தார்ப்பாயில் எத்தனை ஓட்டை என்று அவரைக் கேட்டால், "எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் முடியல" என்பார். மழைக்காலத்தில் ஒரு கையால் கரிப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு மறுகையால் துணிமூட்டையை நனையாத மூலைக்கு இழுத்துக்கொண்டே இருப்பார். ஊரார் சட்டையில் ஒரு சொட்டுக் கரித்தண்ணீர் விழுந்தாலும் சட்டை விலையைக் கேட்பார்கள். இந்த மழைக்கு முன் தகரக் கூரை போட்டுவிட வேண்டும் என்று மூன்று மழையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கூரைக்குப் பணம் சேர்கிறபோது சேரட்டும், தூணாவது நடுவோம் என்று கடப்பாரையை எடுத்தார்.

"சார், கீழ தண்ணி பைப்பு போகுதான்னு உங்க மெஷினை வச்சுக் கொஞ்சம் பாருங்களேன். தெரியாம குத்திட்டா தெருவே வந்து என்னைக் குத்தும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சார் முழு உடுப்போடு வந்தார். பைப்பு இல்லை. ஆனால் மூன்றாவது தூண் குழிக்குப் பக்கத்தில் மெஷின் கத்தியது. சார் வளையத்தைக் குறுக்கும் நெடுக்கும் வீசினார். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதே எண், அதே குரல். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"சோடா மூடியா சார்?"

"பேசாதே."

கைக்கரண்டியால் சுற்றிலும் மண்ணை அகற்றி, ஒரு சாண் ஆழத்திலிருந்து கட்டியாக எடுத்து, விரலால் உதிர்த்தார். பச்சை பூத்த ஒரு வட்டம். நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்தில் கப்பல் மாதிரி ஏதோ தெரிந்தது. இரண்டு பாய்மரம், கீழே அலை. மறுபக்கம் எழுத்து இருப்பது தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை.

இஸ்திரிக்காரர் கரிக்கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இது செல்லுமா சார்?"

"முட்டாளே, இது செல்லாததுனாலதான்யா இதுக்கு மதிப்பு!" சார் காசை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். "நிலம் உன்னுது, கண்டுபிடிச்சது நான். சரிபாதி. முறைப்படி தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் விப்போம்."

அப்படியே எழுதிக் கொடுத்து, ஒற்றைக் காசுதானே, வைத்துக்கொள்ளலாம் என்று முத்திரை வைத்த கடிதமும் மறுநாளே வாங்கிவிட்டார். அந்த மாதிரி விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

படம் எடுத்து நகரத்து நாணயக்கடை அம்மாவுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா வெளியூரிலிருந்து பேசினார். சார் முன்னறையில் போனைச் சத்தமாக வைத்தார். இஸ்திரிக்காரர் வாசற்படியிலும், மனைவி ஜன்னலோரத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இதை அப்படியே பஞ்சுல வச்சு டப்பால போடுங்க. தண்ணி கூடப் படக்கூடாது. நான் வியாழக்கிழமைதான் வருவேன். அன்னிக்கு நேர்ல கொண்டாங்க."

"எங்களுக்குத் தெரியாதாம்மா? நானே இதைப் பத்தி உரையெல்லாம்..."

"அம்மா," என்று இஸ்திரிக்காரர் வாசலிலிருந்தே கத்தினார், "ஒரு தகரக் கூரைக்கு ஆகுமா?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "நான் நினைக்கிற கப்பல்காசா இருந்தா கூரை மட்டுமில்லப்பா, கீழ கடையும் கட்டிக்கலாம். எனக்குத் தெரிஞ்சு மூணோ நாலோதான் இருக்கு. பின்பக்க எழுத்தைப் பார்த்துட்டு யாரோடதுன்னு சொல்றேன்."

சாருக்கு உறுத்தியது இந்தக் கடைசி வாக்கியம்தான். யாரோடது என்று அந்த அம்மா சொல்வாராம். முப்பத்தொரு வருஷம் ஊரான் பொருளுக்கு எடை சொன்னவர், தாம் எடுத்த பொருளைப் பற்றி இன்னொருத்தர் சொல்ல, கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பதா? கடைக்குள் நுழைந்ததும், "அம்மா, இது இன்னாருடைய காசு" என்று தாமே சொல்லிக் காசை மேசையில் வைத்தால் எப்படி இருக்கும்? செவ்வாய்க்கிழமை காலைக்குள் அந்தக் காட்சியை மனசுக்குள் பத்துமுறை நடத்திப் பார்த்துவிட்டார்.

அன்று பதினோரு மணிக்கு மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போனார். சார் டப்பாவைத் திறந்தார். முதலில் வாயால் ஊதினார். ஊதுவது கழுவுவதாகாது. பிறகு தம் பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தட்டினார். தட்டுவதும் கழுவுவதாகாது. ஒரு எழுத்தின் கொம்பு மட்டும் தெரிந்தது. மனிதரைக் கெடுத்தது அந்தக் கொம்புதான். ஒரு சொட்டுத் தண்ணீர். அப்புறம் சோடா மூடியில் ஒரு துளி பாத்ரூம் ஆசிட். ஓரத்தை மட்டும் தொட்டு எடுப்பதாகத்தான் உத்தேசம்.

காசு நுரைத்தது. பச்சை கரைந்து ஓடியது. இரண்டு எழுத்துகள் ஒரு கணம் பளிச்சென்று எழும்பி, அவர் கண்ணாடியைச் சரிசெய்து குனிவதற்குள் நுரையோடு போய்விட்டன. பதறிப்போய்க் குழாயடியில் பிடித்தார். உரித்த கோழி மாதிரி வெளிர்சிவப்பாக இருந்தது. பயத்தில் புத்தி இன்னும் ஒரு படி இறங்கியது. நிறத்தைச் சரிசெய்யப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் புதுச் சட்டைப் பொத்தான் மாதிரி மினுங்கியது.

மனைவி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அந்தம்மா தண்ணி கூடப் படக்கூடாதுன்னு சொன்னாங்களே?"

"உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி? போய் ஊசியைப் பிடி."

அவர் போய் ஊசியைப் பிடித்தார்.

வியாழக்கிழமை மூன்று பேருமாகப் பஸ் ஏறினார்கள். மனைவிக்கு நாணயக்கடைத் தெருவிலேயே ஒரு பட்டுநூல் கடையில் வேலை இருந்தது. இஸ்திரிக்காரர் தமக்கே தமக்கென்று ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் தகரம் நீலமா சிவப்பா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சார் ஜன்னல் வழியாகச் சாலையோர மைல்கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாணயக்கடை ஒடுக்கமான கடை. மேசை, விளக்கு, சின்னத் தராசு. வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று சார் பார்த்திருப்பார். கடையம்மா டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்கினார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துக் கீழே வைத்தார்.

"யாரு கழுவினது?"

சார் கிறீச்சிடும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, உங்களைத்தான். படத்துல கப்பல் முழுசா இருந்துச்சு. இப்போ ஒரு பாய்மரம்தான் இருக்கு. பின்பக்கம் வழவழன்னு இருக்கு. ஆசிட் போட்டிருக்கு, மேல தேய்ச்சும் இருக்கு. இது செம்புத் துண்டுங்க. பழைய பாத்திரக்கடையில எடைக்குப் போடலாம்."

இஸ்திரிக்காரர் சாரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. தராசு சார் ஏதாவது சொல்வார், சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கைதான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சாரின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"வீட்ல... நான் இல்லாதப்போ... அழுக்குன்னு நினைச்சுக் கழுவிட்டாங்க. படிக்காதவங்க, பாவம்."

மனைவி தம் கையிலிருந்த நூல் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு கடையம்மாவைப் பார்த்து, "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"உரிச்ச தோலை ஒட்ட முடியுமாம்மா?" கடையம்மாவின் குரலில் காரம் இருந்தது. "தெரியாத பொருளைத் தொடாம இருக்கலாமில்ல?"

திரும்பும்போது பஸ்ஸில் இஸ்திரிக்காரர் எழுந்து வந்து மனைவியின் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்கக்கா. மனசுல வச்சுக்காதீங்க. போன வாரம் இல்லாத பணம்தானே, இந்த வாரமும் இல்ல. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால்கூட சாருக்குத் தாங்கியிருக்கும்.

அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே சேதி தெருவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. தெருவில் யாரும் கெட்டவர்களில்லை. நல்ல கதை கிடைத்தால் விடாதவர்கள், அவ்வளவுதான். கடைக்குப் போனால், "அக்கா, சில்லறையைக் கழுவித் தரட்டுமா?" என்றார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வீட்டம்மா வந்தார். உட்காரவில்லை.

"அந்தப் பட்டைக் கொடுத்துடுங்க. கோவிச்சுக்காதீங்க. அம்மா ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு. பழசோட அருமை தெரிஞ்சவங்கதான் அதைத் தொடணும், இல்லையா?"

மனைவி பாதி அடைத்த கிழிசலில் நின்ற ஊசியை உருவினார். நூலை முடிச்சிட்டு நறுக்கினார். பட்டை மடித்து, பழைய வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அந்த வாரத்துக்குள், கிழிசல் அடைக்க வந்திருந்த மற்ற இரண்டு பட்டுகளும் போயின. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று சார் எல்லாவற்றையும் பார்த்தார். மனைவி ஜன்னலோரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. தம் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. எத்தனை கிலோ என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மழை வந்தது. சார் குடை எடுக்காமல் கொட்டகைக்குப் போனார். சட்டைப்பையில் டூத் பிரஷ் இருந்தது. இஸ்திரிக்காரர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டே வெள்ளைச் சட்டை ஒன்றுக்குக் கழுத்துப்பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் கரிப்பெட்டியில் பட்டு உஸ்ஸென்றது.

"அந்தக் காசைக் கழுவினது நான்."

"என்ன சார்?"

"நான்தான்யா கழுவினேன். எழுத்தைப் படிக்கணும்னு ஆசை. அவ தொடவே இல்ல. கடையில பொய் சொன்னேன்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அக்கா ரொம்ப அழறாங்களா சார்?"

"அழல. நான் சொல்றதைக் கேளு..."

"கேட்டேன் சார். நீங்க போய்ப் பொய் சொல்லுவீங்களா? ஐஞ்சு கிராமுக்குச் சொந்த மச்சான் கடைக்கே பூட்டு போட்ட மனுஷன். கழுவாதேன்னு மேடை போட்டுப் பேசினவர் நீங்க."

"இதோ பார்." சார் பிரஷ்ஷை எடுத்து நீட்டினார். மயிர்க்கட்டில் பச்சை இன்னும் இருந்தது. "இது என் பிரஷ்."

"அக்கா உங்க பிரஷ்ஷாலயா தேய்ச்சாங்க? ஐயோ பாவம்." இஸ்திரிக்காரர் சாரின் நனைந்த கையைப் பிடித்துக்கொண்டார். "சார், கட்டின பொண்டாட்டிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது. கூரை எப்ப வேணா போட்டுக்கலாம் சார். நீங்க பெரிய மனுஷன்."

ஞாயிற்றுக்கிழமை நாணய நண்பர் வட்டத்தில் சார் எழுந்து நின்று மறுபடியும் சொன்னார். இந்த முறை ஆசிட் எத்தனை துளி, பேஸ்ட் என்ன ரகம் என்பதுவரை சொன்னார். செயலாளர் மூக்கை உறிஞ்சினார். இல்லறத்தின் இலக்கணமாக விளங்கும் தலைவரைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். உபதலைவர் வழிமொழிந்தார். அன்று அவர் தூங்கவில்லை.

அங்கிருந்து சார் நேரே டாக்டர் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நல்லவர், சார். அவங்க கொடுத்து வச்சவங்க. ஆனா பட்டு எங்கம்மாவோடது. நீங்க எத்தனை நல்லவரா இருந்தாலும் அதை மறுபடியும் அவங்க கையில கொடுக்க எனக்கு மனசு வரல."

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பாத்திரங்களைக் கழுவுவதற்காகக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நான்தான் கழுவினேன்னு."

மனைவியின் கை நின்றது. "நம்பினாங்களா?"

"இல்ல. உனக்காகச் சொல்றேன்னு நினைக்கிறாங்க. தீர்மானம் வேற போட்டாங்க."

மனைவி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பத்து நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. ஆனால் அதில் சிரிப்பு அதிகமில்லை.

"பாருங்க. நீங்களே உங்க வாயால சொல்லியும் யாரும் நம்பல. அன்னிக்கு அந்தக் கடையில, நான் இல்ல, இவர்தான்னு நான் சொல்லியிருந்தா யாருங்க நம்பியிருப்பாங்க? பழியோட சேர்த்துப் பொய்க்காரின்னு ஒரு பேரும் வாங்கியிருப்பேன். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"நான்... எனக்காகத்தான் நீ..."

"உங்க மானத்தைக் காப்பாத்தவா? அப்படியெல்லாம் நினைச்சுக்காதீங்க." கூடையை அவர் பக்கம் தள்ளினார். "கழுவறதுல ஆசை இருக்கில்ல? இந்தாங்க."

சார் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் குழாயடிக்கு வந்தார். வேண்டுமென்றேதான் வாசலுக்கு வந்தார். தெரு பார்க்கட்டும், பார்த்துச் சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பு ஒன்றாவது தம் பங்குக்கு நியாயமாக வந்து சேரட்டும் என்று நினைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிப்பிடித்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறிக்கடைக்காரர் கடைவாசலில் வந்து நின்றார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"பாருங்க, பாருங்க. அவ்வளவு நஷ்டம் பண்ணினவங்களுக்கு இந்த மனுஷன் பாத்திரம் கழுவித் தர்றார்," என்றது அதில் ஒரு தலை.

சார் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"அவ்வளவு தேய்க்காதீங்க," என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார். "அடி ஓட்டையாயிடப் போகுது."

நனைந்த துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்த இஸ்திரிக்காரர் நின்றுவிட்டார். அவருக்குக் கள்ளமில்லை. இறுக்கத்தைக் கலைக்கத்தான் சொன்னார்.

"கழுவறதைப் பத்தி அக்கா சொல்றாங்க பாருங்க, சார்!"

தெருவே கொல்லென்று சிரித்தது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தெருவுக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்தது.